இடது கால் ஃபைல்

லேப்டாப்புக்கு வயிறு உப்பிக்கொண்டது. விரலால் தடவுகிற இடம் மெல்ல மேலே எழும்பி, கடைசியில் மூடியே சரியாக மூடவில்லை. பேட்டரி ஊதிவிட்டது, இனிமேல் சார்ஜில் போடாதீர்கள், ஆபத்து என்று ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் சொன்னார். அன்றைக்கும் போட்டேன். வேலை பாக்கி இருந்தது, வேறென்ன செய்வது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுவது என் வேலை. ஒரு ஷூவின் மேல்பாகத்துக்கு எத்தனை தோல் துண்டு வேண்டும், ஒவ்வொன்றும் எந்த வளைவில் இருக்க வேண்டும், எங்கே தையல் ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். அதை அட்டையில் வெட்டி, அட்டையை வைத்துத் தோலை வெட்டுவார்கள். கம்பெனியில் பழைய லேப்டாப்புகளைக் கழித்தபோது ஒன்றை நான் வாங்கி மாதனூர் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் கணவரும் அதே கம்பெனிதான், மாதிரி ஷூ செய்கிற சாம்பிள் ரூம். ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறோம், ஒரே பஸ்ஸில் வருகிறோம். ஆனால் பஸ்ஸில் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டை ஒன்றுமில்லை, ஏறி உட்கார்ந்ததும் அவர் தூங்கிவிடுவார்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் நாத்தனார். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமனார் மாமியார் இரண்டு பேரும் போன பிறகு அவளுக்கு நாங்கள்தான் எல்லாம், எங்களுக்கு அவள் ‘பாப்பா’. அவளுக்குப் பிறந்தபோதே இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்ததாம். சின்ன வயதிலேயே வேலூரில் ஆபரேஷன் செய்து நிமிர்த்திவிட்டார்கள். நடை வந்தது, ஓட்டமும் வந்தது. ஆனால் அந்தப் பாதம் வலது பாதத்தைவிட இரண்டு சைஸ் சின்னதாகவே நின்றுவிட்டது. வெளிப்பக்கம் ஓர் எலும்பு புடைத்து, அதன்மேல் தையல் போட்ட தழும்பு.

இரண்டு சைஸில் இரண்டு ஜோடி வாங்கிப் பார்த்தோம். நீளம் சரியாக இருந்தால் அந்தப் புடைப்பு இடித்தது. புடைப்புக்கு இடம் இருந்தால் பாதம் உள்ளே நீச்சல் அடித்தது. கப்பல் கப்பலாக ஷூ ஏற்றுமதி செய்கிற ஊரில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ஜோடி கிடையாது. பின்னால் வார் வைத்த செருப்பில் கூடுதலாக ஓட்டை போட்டு இறுக்கிக்கொள்வாள். எவ்வளவு இறுக்கினாலும் இடது செருப்பு தரையைச் ‘சர்ர்’ என்று இழுக்கும். கூடத்திலா, கொல்லையிலா, மாடியிலா, அவள் எங்கே இருக்கிறாள் என்று சமையலறையில் இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும்.

அவள் படித்தது லேப் டெக்னீசியன் படிப்பு. வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவிலேயே சொல்லிவிட்டார்கள், மூடின ஷூ இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது, ரத்தமும் ஆசிட்டும் புழங்குகிற இடம் என்று. நியாயமான பேச்சுதான். ஒரு வாரம் விட்டுத் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

அதுவரை நான் சும்மா இருக்கவில்லை. அவள் கடைசி வருஷம் படிக்கும்போதே அவளுக்கு ஷூ செய்ய ஆரம்பித்துவிட்டேன். கால் மாதிரி இருக்கிற கட்டை அச்சு ஒன்றை வாங்கி, அதன்மேல் தோல் சில்லுகளை ஒட்டி, ராவி, அவள் இடது பாதத்தின் உருவத்துக்குக் கொண்டு வந்தேன். அச்சு செய்வது பெரிய காரியமில்லை. அந்த அச்சின்மேல் தையல் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதுதான் காரியம்.

முதல் ட்ரையல் ஜோடியைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சிரித்தபடி நடந்தாள். கழற்றும்போது பார்த்தால் சாக்ஸில் ரத்தம். தையல் நேராகத் தழும்பின்மேல் உட்கார்ந்திருந்தது.

“வலிச்சா வாயத் தொறந்து சொல்ல மாட்டியாடி?” என்று கத்தினேன்.

“ஷூ நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. கால்தான் சரியில்ல” என்றாள்.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. “கால் சரியில்லன்னு இனிமே சொன்னே, பல்லத் தட்டிடுவேன். ஷூதான் சரியில்ல. ஷூவச் செஞ்சது நானு, நான்தான் சரி பண்ணணும்” என்றேன். கோபத்தில் சொன்னாலும் அன்றைக்கு அது எனக்குள் வைராக்கியமாக இறங்கிவிட்டது.

இரண்டாவது ட்ரையலில் தழும்பு தப்பித்தது, குதிகால் கழன்றது. மூன்றாவதில் வெளிப்பக்கம் முழுவதையும் தையலே இல்லாத ஒரே துண்டாக்கி, இணைப்பை உள்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். கழிவுத் தோலில் செய்தது, ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் நீலம், பார்க்க சர்க்கஸ் கோமாளி போடுகிற ஷூதான். அதைப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்தாள். திரும்பவும் ஒருமுறை போய் வந்தாள். வந்து, “அண்ணி, இடிக்கவே இல்ல” என்றாள். இரண்டே இரண்டு சின்னத் திருத்தம்தான் பாக்கி. அதையும் அன்றே ஃபைலில் போட்டேன்.

ஃபைலில் திருத்தம் ஏறியதும் பழைய அட்டைகளைக் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். பழையதும் புதியதும் கலந்தால் வேலை நாசம். ட்ரையல் ஷூவையும் கம்பெனியில் வெட்டிப் போட்டுவிடுவார்கள், டிசைன் வெளியே போகக் கூடாதென்று. அந்தப் பழக்கத்தில் அட்டையைக் கிழித்தேன். ட்ரையல் ஜோடியை அவள் கையில் கொடுத்து, “கழிவு மூட்டையில போட்டுடு” என்றேன். “சரி அண்ணி” என்றாள். இனி கறுப்புத் தோல் வாங்கி நிஜ ஜோடியை வெட்ட வேண்டியதுதான் என்று இருந்தபோதுதான் லேப்டாப்புக்கு வயிறு உப்பியது.

வேலூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். எடுத்த பெண் முதலில் சொன்னதே, “டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல மேடம், பேக்கப் எடுத்துட்டுக் கொண்டு வாங்க” என்பதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குழம்பும் வைக்கணும், துணியும் துவைக்கணும். “நீங்க எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திடுங்க” என்று கணவரிடம் விட்டேன். பென்டிரைவில் ஏற்கெனவே அவருடைய சித்தப்பா மகன் கல்யாண வீடியோ இருந்தது. அதை அழிக்க மனசு வரவில்லை அவருக்கு. “இடம் கம்மியா இருக்குதே” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “எப்படியாவது சமாளிங்க” என்று நானும் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில், “முடிஞ்சுது” என்றார்.

“உங்க தங்கச்சி ஃபோல்டர்?”

“மொதல்ல எடுத்ததே அதுதான்.”

பொய்யில்லை. எடுத்திருந்தார்.

மறுநாளே லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிலிருந்து இரண்டு நாள் கழித்து சர்வீஸ் சென்டர் பெண் கூப்பிட்டாள். பேட்டரி மட்டுமல்ல, டிஸ்க்கிலும் கோளாறு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றாள். “பேக்கப் இருக்குதுல்ல மேடம்?” இருக்கிறது என்றேன். “தொறந்து பாத்துட்டீங்களா?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. “எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சும்மா. சும்மா பேஜார் பண்ணாம வேலையப் பாரு” என்று வைத்தேன். பாவம், அந்தப் பெண் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அட்டைக்கு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று ஃபேக்டரி கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினேன். நாத்தனார் ஃபோல்டரைத் திறந்தேன். எல்லா ஃபைலும் R என்று முடிந்தது. மேலே போனேன், கீழே வந்தேன். R, R, R. வலது கால். இடது காலுக்கு L என்று முடிய வேண்டிய ஒன்றுகூட இல்லை. சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு வேலூருக்கு போன் போட்டேன்.

“காலையிலயே எல்லாம் அழிச்சு ஏத்திட்டோமே மேடம். நீங்கதானே சொன்னீங்க” என்றாள். அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் கணவரைத் தூங்க விடவில்லை.

“பாப்பா ஃபோல்டர்ல L எங்க?”

“எல்லா ஃபோல்டர்லயும் L-ஐ விட்டுட்டேன். இடம் பத்தல இல்ல? R இருந்தா போதுமே. புரட்டிப் போட்டா L வந்துரும்.” சொன்ன தோரணையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முன் சீட்டில் இருந்த தையல் செக்‌ஷன் அக்கா திரும்பி, “அவரு சொல்றது சரிதானேம்மா?” என்றது. பின் சீட்டிலும் யாரோ ஆமாம் போட்டார்கள். பஸ் முழுக்க ஷூ செய்கிற ஆட்கள். கம்பெனியில் நாங்கள் வரைவது ஒரு காலுக்கு மட்டும்தான். இன்னொரு காலைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டு L என்று சேர்த்துவிடும். எந்த ஸ்டைலுக்கும் இரண்டு கால் வைத்துக்கொண்டால் இடம்தான் வீண் என்பது எங்கள் எல்லோர் ரத்தத்திலும் ஊறிப்போனது. இத்தனை வருஷத்தில் அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவருக்கும் இரண்டு கால் வேறு வேறாக இருக்கும் என்று நினைக்கத் தேவையே வந்ததில்லை.

“யாரு காலுங்க புரட்டினா வரும்? உங்க தங்கச்சி காலா?” என்றேன்.

அவர் முகம் அப்படியே செத்துப்போனது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை, அந்தக் கல்யாண வீடியோவையும் இழுத்தேன். L ஃபைல் மொத்தமும் சேர்ந்தாலும் அதில் மாலை மாற்றுகிற இடத்தளவுகூட வராது என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னேன். மாதனூர் வந்து இறங்கும்வரை திட்டினேன். இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் அது. திங்கட்கிழமை அவள் போக வேண்டும். மூன்று ட்ரையலில் கண்டுபிடித்ததை நடுவில் இருக்கிற மூன்று நாளில் நினைவிலிருந்து வரைய என்னால் முடியாது. ஒரு நூல் தள்ளினாலும் தழும்பில் ஏறும். ரத்தம் வந்தாலும் அவள் சொல்ல மாட்டாள். கால்தான் சரியில்லை என்று திரும்பவும் நினைத்துக்கொள்வாள். எனக்கு அதுதான் பயம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னோம். சொன்னோம் என்ன, நான் சொன்னேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

“இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே கால்தான் போல” என்றாள்.

“சிரிக்காதடி, எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு…”

“இருங்க அண்ணி.” ‘சர்ர் சர்ர்’ என்று தன் அறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அதே ‘சர்ர்’ திரும்பி வந்தது. கையில் பழைய துப்பட்டாவில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்துத் தரையில் வைத்தாள். பழுப்பும் நீலமுமாக அந்த ட்ரையல் ஷூ. இடது கால் மட்டும்.

“கழிவு மூட்டையில போடச் சொன்னேனே?”

“ஒண்ணப் போட்டேனே.”

“வலது கால் எங்க?”

“அதத்தான் போட்டேன். அந்தக் காலுக்கு எந்தக் கடையிலயும் கிடைக்கும். இதுக்கு எங்க போறது?” என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “மத்தியானத்துல நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப போட்டுக்குவேன். ஒரு கால்ல இது, ஒரு கால்ல செருப்பு” என்றாள்.

என் கணவர் வலதை வைத்துக்கொண்டு இடதை விட்டிருந்தார். அவள் இடதை வைத்துக்கொண்டு வலதை விட்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். “இன்னா அண்ணி, விடுங்க, மூச்சு முட்டுது” என்றாள்.

ஷூ கிடைத்துவிட்டது, சரி. அடுத்த வேலை அதைப் பிரிப்பது. தையலை வெட்டி, துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து அட்டையில் வைத்துக் கோடு போட்டால் பேட்டர்ன் வந்துவிடும். நான் பிளேடை எடுத்துவிட்டேன். அவள் சட்டென்று ஷூவின்மேல் கை வைத்தாள்.

“பிரிச்சா திரும்பச் சேக்க முடியுமா?”

முடியாது. ஒரு முறை அச்சில் இழுத்த தோலை, பிரித்த பிறகு அதே வடிவத்தில் கொண்டு வர முடியாது. எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. புது ஜோடி சரியாக வராவிட்டால்? உலகத்தில் அவள் காலுக்குச் சரியாக இருந்த ஒரே ஷூ அது. அதையும் நான் வெட்டிவிட்டால் அவளிடம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவள் கையை எடுத்துவிட்டாள். “பரவால்ல அண்ணி, வெட்டுங்க” என்றாள்.

“ஏ, வெட்டாதே” என்றார் என் கணவர். அதுவரை சுவரோடு நின்றவர் வந்து உட்கார்ந்தார். “பையர் ஷூவா இருந்தா வெட்டுவியா?”

சாம்பிள் ரூமில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் சில சமயம் ஒற்றை ஷூவை அனுப்பி, இதைப் போலச் செய் என்பார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு கீறல் விழக் கூடாது. அதனால் ஷூ முழுக்கக் காகித டேப்பை ஒட்டி, அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பார்கள். அடியில் இருக்கிற தையல் எல்லாம் மேலே கோடாக எழும்பும். பிறகு டேப்பை மட்டும் உரித்து அட்டையில் ஒட்டுவார்கள். அவருக்குக் கைவந்த வேலைதான். எங்களுக்குச் சொந்தமானது என்றதும் அதை ஒரு பையர் ஷூவுக்குக் காட்டுகிற மரியாதையோடு பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

டேப்பை அவர்தான் ஒட்டினார். அவ்வளவு பொறுமையாக அவர் எந்த வேலையையும் வீட்டில் செய்து நான் பார்த்ததில்லை. விளிம்புக்கு விளிம்பு, ஒரு சுருக்கம் இல்லாமல். பென்சில் தேய்க்கத் தேய்க்க நான் போட்ட தையல்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. வெளிப்பக்கம் மட்டும் கோடே இல்லாமல் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. தழும்பு இருக்கிற இடம் அது. அவர் டேப்பை உரித்தார், நான் அட்டையில் ஒட்டி வெட்டினேன். அந்த இரண்டு திருத்தங்கள் மட்டும் என் தலையிலேயே இருந்தன, கையால் போட்டேன். ஷூவில் ஒரு கீறல் இல்லை. துப்பட்டாவில் சுற்றி அவளிடமே கொடுத்தார்.

அடுத்த மூன்று நாளும் வீடு முழுக்கத் தோல் வாசனையும் பசை வாசனையும்தான். வலது காலுக்கு பென்டிரைவிலிருந்து பிரிண்ட் எடுத்த அட்டை, இடது காலுக்கு டேப்பிலிருந்து வந்த அட்டை. வெட்டியதும் தைத்ததும் நான், அச்சில் இழுத்துக் கட்டியதும் சோல் ஒட்டியதும் அவர். நடுநடுவே ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டோம். பசை காய்வதற்கு முன்னால் ஏன் கை வைத்தீர்கள் என்று நான், நூலை இவ்வளவு இழுத்தால் தோல் சுருங்காதா என்று அவர். சமையல் அவளுடையது. தினமும் தக்காளி சாதம்தான், யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம் போட்டுப் பார்த்தாள். கறுப்புத் தோல், சாதாரணமான ஷூ. இரண்டு சைஸ் வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தெருக்கோடி வரை போய் வந்து, தானே சாக்ஸைக் கழற்றிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“அப்ப அந்தக் கோமாளி ஷூவக் குடு. கம்பெனி மாதிரி டேக் கட்டி நானே பத்திரமா வெக்கிறேன்” என்றார் அண்ணன்காரர்.

“வேணாம்ணா. அது எங்கிட்டயே இருக்கட்டும். உன் பென்டிரைவை நம்ப முடியாது” என்றாள். அவர் அன்றே கல்யாண வீடியோவை அழித்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தேன். அவளுக்கு டப்பா கட்டிக்கொண்டே காதைக் கூடத்துப் பக்கம் வைத்திருந்தேன். இன்னும் குளித்து முடிக்கவில்லை போல, பஸ்ஸை விடப் போகிறாள் என்று எனக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. “ஏய், நேரமாவுது, இன்னாடி பண்றே?” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

“இங்க இருக்கேன் அண்ணி” என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். பையை மாட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, டப்பாவுக்காகக் கை நீட்டி நின்றிருந்தாள். அவள் வந்தது எனக்குக் கேட்கவே இல்லை.